குறைந்துபோன அறுபத்தொன்பது ஜி.பி.

மார்ச் 3, திங்கள்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அலுவலகக் கணினிக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்தது. நானே மாட்டினேன். வேலை செய்தது. அதை இருப்புப் புத்தகத்தில் பதியும்போது 'அளவு' என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டிமேல் போட்டிருந்ததைப் பார்த்து 'ஆயிரம் ஜி.பி.' என்று எழுதிவிட்டேன். கருவாட்டைக் கிலோவில் எழுதிப் பழகிய கை. மேலாளரிடம் சொன்னேன். "எழுதினது எழுதினதுதான், அடிக்கக் கூடாது" என்றார். பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் அப்படி நினைத்த விஷயங்கள்தான் பெரும்பாலும் பெரிதாகியிருக்கின்றன.

*

இதை எழுதிவிட்டு மதுமதி டைரியை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, தேதி சரிதானா என்று பார்த்துவிட்டு மூடினாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதும், இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவதும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். திருவாடானைப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் களை எடுக்கும் குடும்பம். தங்கச்சிமடத்தில் வேலை, அக்காள்மடத்தில் வாடகை அறை, மாலையில் ராமேஸ்வரத்தில் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் வகுப்பு. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. வேலை போனால் அறை போகும், அறை போனால் வகுப்பு போகும், வகுப்பும் போனால் திருவாடானை பஸ்தான்.

வேலையோ தற்காலிகம். மார்ச் மாதக் கடைசியில் முடியும். நீட்டிப்பு வேண்டுமென்றால் 'இவர் பொறுப்பிலிருந்த பொருள் எதிலும் குறைவில்லை' என்று ஒரு சான்று வேண்டும். அதற்குப் பெயர் குறைவின்மைச் சான்று.

அவள் வேலை பார்த்த இடம் தீவுக் கடலோர உலர்மீன் இருப்பு வாரியத்தின் கிடங்கு. மீனவர்கள் கருவாட்டைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். வாரியம் பத்திரமாக வைத்திருந்து, விலை வரும்போது திருப்பிக் கொடுக்கும். வாசலில் 'குறைவில்லா இருப்பே எங்கள் குறிக்கோள்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. கருவாடு காயக் காய எடை குறையும் அல்லவா? அதற்காக நூற்றுக்கு ஏழு வரை உலர்வுக் கழிவு என்று விதி அனுமதித்தது. மழை விடாமல் பெய்த ஆண்டிலும் கருவாடு ஏழுதான் குறைந்தது. வெயில் கொளுத்திய ஆண்டிலும் ஏழுதான் குறைந்தது. நெத்திலியும் ஏழு, வாளையும் ஏழு. வாரியத்தின் பொறுப்பில் வந்துவிட்டால் கருவாட்டுக்கு அப்படி ஓர் ஒழுக்கம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மேலாளர் பாண்டித்துரையின் பைக் வாசலைத் தாண்டும்போது மெயின் ரோடு வரை தெருநாய்கள் பின்னால் ஓடுவதை மதுமதி பார்த்திருக்கிறாள். நாய்களுக்கு அவர்மேல் ஏதோ பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு ராமநாதபுரம் தலைமையகத்திலிருந்து முருகலட்சுமி மேடம் வந்தார். எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்காகவே வாரியம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவரும் வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே சந்தேகப்பட்டார். கொடுத்த டீயை மோந்து பார்த்துவிட்டு, பிறகு மேலாளரைக் குடிக்கச் சொன்னார்.

"நாற்காலி ஆறு."

"ஆறு இருக்கு மேடம்" என்றாள் மதுமதி.

"வாளி மூணு."

"மூணு இருக்கு மேடம்."

"ஹார்ட் டிஸ்க்." மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஆயிரம். எங்க, ஆயிரத்தையும் காட்டு."

மதுமதி கணினியைத் திறந்து காட்டினாள். திரையில் 931 என்று இருந்தது.

"மிச்சம் எங்கம்மா?"

"இதுல அவ்வளவுதான் மேடம் காட்டும்."

"ஆயிரம்னு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"மாட்டினது?"

"நான்தான் மேடம்."

"ரூம் சாவி?"

"எங்கிட்டதான் மேடம் இருக்கு."

முருகலட்சுமி பேனாவை மூடினார். மூன்று கேள்விக்கும் ஒரே பதில் வந்தால் நான்காவது கேள்வி வேண்டியதில்லை என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை.

மதுமதி விளக்கினாள். வகுப்பில் படித்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். டிஸ்க் செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும். கம்ப்யூட்டரோ ஆயிரத்து இருபத்து நான்கு, ஆயிரத்து இருபத்து நான்காகக் கட்டி எண்ணும். கட்டு பெரிதாக இருந்தால் கட்டுகளின் எண்ணிக்கை குறையும். "சரக்கு அதே சரக்குதான் மேடம். எண்ணுற விதம்தான் வேற."

பாண்டித்துரை நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஆக, வாங்குறதுக்கு ஒரு தராசு, குடுக்குறதுக்கு ஒரு தராசு."

"அப்படி இல்ல சார்..."

"அப்படித்தாம்மா. கடக்கரையில பொறந்துட்டு இது தெரியாமலா இருப்போம்?" என்றார். பழைய சிநேகிதனைப் பற்றிப் பேசுகிறவர்போல அவர் குரலில் ஒரு கனிவு இருந்தது.

ஒளிவு மறைவில்லாமல் நடந்துகொண்டால் நம்புவார்கள் என்று மதுமதி நினைத்தாள். டிஸ்க்கின் உள்பிரிவுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். "இங்கன பாருங்க மேடம். இதுல கொஞ்சூண்டு இடம் மறைவா இருக்கும். ரிப்பேர் ஆனா சரிபண்ண விண்டோஸ் தனக்குன்னு வச்சுக்கிறது. அதையும் சேத்துத்தான் 931."

'மறைவா' என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. பாண்டித்துரை எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"கள்ள அறை" என்றார் மேடம் மெல்ல.

"நம்ம கிடங்குலயா!" என்றார் மேலாளர். அவர் பதறிய பதற்றத்தில், கிடங்கில் இன்னோர் அறை இருப்பது தமக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தமும் கலந்திருந்தது.

அடுத்ததாகத் தராசு. திரை பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், தராசு சொல்லாது என்றார் மேடம். டிஸ்க்கைக் கழற்றித் துணியில் ஏந்தி, மூட்டைத் தராசுக்கு எடுத்துப் போனார்கள். மூட்டை தூக்கும் சுஐபு அங்கேதான் நின்றிருந்தார். பாம்பன்காரர். தராசின் பலகைமேல் டிஸ்க்கை வைத்தார். முள் அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லையே!" மேடத்தின் குரல் உயர்ந்தது. "அறுபத்தொம்பது போச்சுன்னு பாத்தா ஆயிரமும்ல போயிருக்கு!"

"மேடம், இது ஆளும் மூட்டையும் நிறுக்கிற தராசு" என்றார் சுஐபு. "எங்க வீட்டுக்காரிய இதுல ஏத்துனாத்தான் முள்ளு கொஞ்சம் மரியாத குடுக்கும். இத ஒரு மூட்டையோட சேத்து வச்சுப் பாருங்க."

யோசனை நல்லதாகப் பட்டது. ஐம்பது கிலோ என்று சீட்டு கட்டிய நெத்திலி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பலகையில் வைத்து, அதன் தலைமேல் டிஸ்க்கை வைத்தார் சுஐபு. முள் ஆடி, நாற்பத்தாறரையில் நின்றது.

மேடம் சீட்டைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். "இதத் தலையில வச்சதுமே மூணரை கிலோ எறங்கிருச்சே! தொடுற சரக்கையும் சேத்துல திங்குது!"

"இல்ல மேடம்" என்றார் பாண்டித்துரை அவசரமாக. "அது, அந்த மூட்ட, ஏற்கனவே காஞ்சது."

"ஓ, காஞ்சதா?" என்றார் மேடம்.

"நல்லாக் காஞ்சது மேடம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுஐபுக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமினார்.

டிஸ்க்கைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, இரும்பு பீரோவுக்குள் பூட்டினார்கள். விசாரணை முடியும்வரை கிடங்குச் சீட்டுகளை மதுமதி கையால் எழுத வேண்டும் என்று உத்தரவானது.

*

அன்று மாலை வகுப்பில் ஜெயப்பிரியா மிஸ் சிரி சிரியென்று சிரித்தார். "எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் மது. வேணும்னா இங்க இருக்கிறத எல்லாம் பாரு."

மதுமதி பார்த்தாள். முதல் மேசையில் தொடங்கி வரிசையாக ஒவ்வொன்றையும் திறந்து, பெட்டியில் சொன்னது எவ்வளவு, திரையில் தெரிவது எவ்வளவு என்று குறித்தாள். எல்லாவற்றிலும் குறைந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தது. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பஸ்ஸில் அவளுக்கு மனம் லேசானது. அக்காள்மடத்தில் இறங்குவதற்குள் மறுபடி கனத்துவிட்டது. முதல்நாள் டிஸ்க்கை மாட்டியவுடன் திரையில் எவ்வளவு இருந்தது? 931தானா? பார்த்தோமா? பார்த்ததாக நினைவு. நினைவா, அல்லது பார்த்திருக்க வேண்டும் என்ற நினைப்பா? கையிலிருந்த போனைத் திறந்து பார்த்தாள். அதிலும் பெட்டியில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அவள் போனை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை.

மறுநாள் காலை கணக்கை மேலாளரின் மேசையில் வைத்தாள். அவரும் மேடமும் சேர்ந்து படித்தார்கள்.

"எல்லாத்துலயுமா குறையுது?"

"எல்லாத்துலயும் சார். ஊர்ல இருக்கிற எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

"ஊர் பூராவும்" என்றார் மேடம். அவர் முகம் வெளிறியது. "இது ஒரு ஆள் வேலை இல்ல பாண்டித்துரை."

"இரும்மா" என்று கையைக் காட்டினார் மேலாளர். "அந்தக் கம்ப்யூட்டரை எல்லாம் நீ தொட்டியா?"

"செக் பண்ணணும்ல சார். தொட்டேன்."

"பாத்தீங்களா மேடம்? இவ தொட்ட எடமெல்லாம் குறையுது."

உண்மையில் அந்த வாதத்தில் மதுமதிக்கே பிழை தெரியவில்லை. அவள் தொடாத கம்ப்யூட்டர் எதிலும் குறைந்ததை அவள் பார்த்ததில்லைதான்.

செய்தி திருவாடானை வரை போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. மத்தியானம் அம்மா உலகம்மாள் போனில் வந்தாள்.

"ஏத்தா, ஆபீஸுல என்னமோ அறுவத்தொம்பது காணாமாமே?"

"காணாமப் போகலம்மா. எண்ணுற விதம் வேற."

"எனக்கு அதெல்லாம் தெரியாது தாயி. நம்ம வீட்டுல அடுத்தவுக பொருள யாரும் தொட்டதில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒருவேள தெரியாமக் கிரியாம எடுத்திருந்தா, யாரும் பாக்காத நேரமாப் பாத்து அங்கனயே வச்சுட்டு வந்துரு. ஒன்னும் சொல்ல மாட்டாக" என்றாள்.

மதுமதி போனை வைத்துவிட்டு, தன் கைப்பையை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், பாதி பிஸ்கட் பாக்கெட். வேறொன்றும் இல்லை.

*

மார்ச் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுத ஓர் ஆள் வேண்டும். கிடங்கில் எழுதுகிற ஆள் மதுமதி ஒருத்திதான். ஆகவே தன்னைப் பற்றிய விசாரணையின் குறிப்பைத் தானே எழுத உட்கார்ந்தாள். "ஒரு எழுத்து விடக் கூடாது, நாங்க பேசுறது பேசினபடி வரணும்" என்றார் மேடம். மதுமதிக்கு அதில் மட்டும் பயமில்லை. விடாமல் எழுதுவது அவளுக்கு வரும்.

முதலில் வழக்கமான ஆண்டு வேலை. பொருள் ஒன்று: நெத்திலி. இருப்பில் நூற்றுக்கு ஏழு குறைவு. காரணம்: பூட்டிய அறைக்குள் இயல்பாகவே உலர்ந்தது. ஏற்கப்பட்டது. பொருள் இரண்டு: சாளை. நூற்றுக்கு ஏழு குறைவு, இயல்பாகவே உலர்ந்தது, ஏற்கப்பட்டது. பொருள் மூன்று: வாளை. அதுவும் அப்படியே. மூன்றையும் முடிக்க, மேடம் ஒரு வடையைத் தின்னும் நேரம்கூட ஆகவில்லை.

"பொருள் நாலு" என்றார் மேடம், விரலைத் துடைத்துக்கொண்டு. "ஹார்ட் டிஸ்க்."

பாண்டித்துரை எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று மேடம் சொன்னதையும் கேட்கவில்லை.

"மேடம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். பூட்டுன ரூமுக்குள்ள இருக்கிற சரக்கு தானாக் குறையவே குறையாது. குறைஞ்சா அது யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்கு. எந்த வீடுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை. காத்து தின்னுருச்சு, காஞ்சுபோச்சுன்னு எவன் வந்து சொன்னாலும் நம்பக் கூடாது. இதெல்லாம் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரேயடியா அள்ள மாட்டாங்க மேடம். கொஞ்சம் கொஞ்சமா, விதி எவ்வளவு விடுதோ அதுக்குள்ள நிக்கிற மாதிரி, வாராவாரம், பேப்பர்ல சுத்தி..."

இந்த இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "எழுதினியாம்மா?"

"பேப்பர்ல சுத்தி வரைக்கும் எழுதிட்டேன் சார்."

"ரொம்ப சரியாச் சொன்னீங்க" என்றார் முருகலட்சுமி. பேச்சின் சூடு அவரையும் தொற்றிக்கொண்டது. "தலைமையகத்துல நானும் இதத்தான் சொல்லுவேன். சரிபார்க்க வர்றவங்களுக்குத் தெரியாம எந்தக் கிடங்குலயும் ஒரு சுள்ளிகூட நகராது. அவங்க பங்கு அவங்களுக்கு வந்துட்டிருந்தாத்தான் நகரும். எனக்கு இதுல ஒண்ணும் வரல. அப்ப இது வேற ஆளுங்க வேலை. எழுதிக்கோ."

மதுமதி எழுதிக்கொண்டாள். "படி" என்றார் மேடம்.

அவள் முதலிலிருந்து படித்தாள். நெத்திலி, சாளை, வாளை. பிறகு மேலாளரின் பேச்சு, மேடத்தின் பேச்சு. படித்து முடித்ததும் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒன்று இடித்தது. தன் எழுத்தில்தான் ஏதோ தப்பு என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நான் எங்கயோ தப்பா எழுதிட்டேன்னு நினைக்கிறேன்."

"எங்க?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுல பூட்டுன ரூமுக்குள்ள சரக்கு தானாக் குறைஞ்சதுன்னு இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நாலுல பூட்டுன ரூமுக்குள்ள சரக்கு தானாக் குறையாது, அப்படிச் சொல்றவங்கள நம்பக் கூடாதுன்னு இருக்கு. தலைமையகத்துல கேட்டா எதச் சொல்லணும் சார்? முதல் மூணையும் மாத்தணுமா, இல்ல நாலாவத மாத்தணுமா?"

மேடம் தம்முன் இருந்த வடையைத் தள்ளி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சுஐபுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை அது நெடுநேரம் நிற்கவில்லை.

பாண்டித்துரை மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் பேசினத எல்லாமா எழுதினே?"

"எழுத்து விடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க சார்."

"பேப்பர்ல சுத்தி கூடவா?"

"வாராவாரமும் இருக்கு சார்."

மேடமும் மேலாளரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ஓர் அறிவியல் தெளிவு இருந்தது.

"ஆயிரத்துல அறுபத்தொம்பது குறைவு" என்றார் முருகலட்சுமி. "நூத்துக்கு ஏழுன்னா எழுபது. எழுபதுக்குள்ளதான் நிக்குது. கடல் காத்து படுற எடத்துல வச்சிருக்கோம். எந்தப் பொருளா இருந்தாலும் காயத்தான் செய்யும். ஹார்ட் டிஸ்க்கும் ஒரு உலர்பொருள்தான்."

"பொருள்னு ஒண்ணு இருந்தா அது காயும்மா" என்றார் பாண்டித்துரை. "அத யாராலயும் தடுக்க முடியாது. நாலாவதக் கிழிச்சுட்டு மறுபடி எழுது."

மதுமதிக்குப் பெருமூச்சு வந்தது. பாதி வெளியே வருவதற்குள் மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உலர்வுக் கழிவு அனுமதிக்கப்பட வேண்டுமானால், அந்தப் பொருள் வாரியத்தின் தளத்தில் ஒரு பகல் முழுதும் அலுவலர் முன்னிலையில் காயவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

"டிஸ்க்க வெயில்ல வைக்கக் கூடாது மேடம்" என்றாள் மதுமதி. "சூடு ஆகாது. உப்புக் காத்தும் ஆகாது. கெட்டுப்போனா மொத்தமும் போயிரும்."

"சான்று வேணுமா வேண்டாமா?"

மதுமதி போய் பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சிமென்ட் தளத்தில் நெத்திலியைப் பரப்பினார்கள். ஓரமாக ஒரு சாக்கை விரித்து, அதன் நடுவில் டிஸ்க்கை வைத்தார்கள். 'உப்பிட்டதா, உப்பிடாததா' என்ற கட்டத்தில் 'உப்பிடாதது' என்று எழுதினார் மேடம். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு முன்னிலை வகித்தார். சுஐபு கையில் கம்போடு காவல் நின்றார்.

"ஏலே காக்கா! அங்கிட்டுப் போ! இதக் கொத்தினியனா உன் வயித்துலயும் நூத்துக்கு ஏழு குறைஞ்சிரும்" என்று கத்தினார். பிறகு மதுமதியைப் பார்த்து, "திருப்பிப் போடணுமா தங்கச்சி? கருவாடுன்னா உச்சிக்கு ஒருதரம் பொரட்டிவிடுவோம்" என்றார்.

"சும்மா இருங்க சுஐபு காக்கா. எனக்கு உசுரே இல்ல."

"பயப்படாத. அல்லா இருக்கான். இந்த ஆபீஸ்ல காயாதது எது?"

மேடம் நிழலிலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன, பொரட்டலையா?"

சுஐபு மிகுந்த பக்தியோடு டிஸ்க்கைப் புரட்டிப் போட்டார்.

ஏறுவெயிலில் சூடு பொறுக்கவில்லை. மதுமதி தன் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து, டிஸ்க்கின்மேல் நிழல் விழும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிழலில் காய்ந்தது செல்லாது என்று மேடம் சொன்னதும் மடக்கிக்கொண்டாள். மேடம் கண்ணயர்ந்ததும் மறுபடி விரித்தாள். அன்று முழுக்க அவள் செய்த ஒரே ஹார்ட்வேர் வேலை அதுதான்.

பொழுது சாய, டிஸ்க்கைத் துடைத்து எடுத்துப்போய் மாட்டினாள். கேபிள் இரண்டு முறை வழுக்கியது. அறை முழுக்க நெத்திலி வாசம். பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. திருவாடானை பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தாள். பிறகு வெளிச்சம் வந்தது.

931.

"வெயில்ல போட்டும் குறையலையா?" என்று குனிந்து பார்த்தார் மேடம். அவர் முகத்தில் முதன்முதலாக மரியாதை தெரிந்தது. "அப்ப முழுசாக் காஞ்சிருச்சு. இனிமே எவ்வளவு நாள் வச்சாலும் குறையாது. நல்ல சரக்கு."

குறைவின்மைச் சான்றில் கையெழுத்துப் போட்டார். காரில் ஏறும்போது அவருக்கும் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. கார் கிளம்பியதும் இரண்டு நாய்கள் பின்னால் ஓடின. இந்த முறை மதுமதி அதைப் பாசம் என்று நினைக்கவில்லை.

சான்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்படும்போது பாண்டித்துரை கூப்பிட்டார்.

"ஏம்மா மதுமதி, வேலை நீட்டிப்புக்கு எழுதிட்டேன். சந்தோஷம்தானே?"

"ரொம்ப நன்றி சார்."

"ஒரு சின்ன விஷயம் நிக்குது." மேசைமேல் விரலால் கணக்குப் போட்டார். "விதி நமக்கு எழுபது குடுக்குது. நீ குறைச்சது அறுபத்தொம்பதுதான்."

"நான் குறைக்கல சார்."

"சரி, குறைஞ்சது. அப்ப இன்னும் ஒண்ணு வரணும்ல? இந்தக் கிடங்குல ஏழுன்னா ஏழு முழுசா இருக்கும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா ஏன் விட்டாங்கன்னு ஆடிட்ல சந்தேகப்படுவான். நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே? அந்த ஒரு ஜி.பி.யப் பேப்பர்ல சுத்தி என் பைக் பெட்டியில வச்சிரு."

"சார், அது வந்து..."

"கசியாமச் சுத்தும்மா. மேடம் அவங்க பங்கு கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லிரு."

*

மார்ச் 27, வியாழன்.

சான்று கிடைத்தது. மூன்று முறை படித்துப் பார்த்தேன், பெயர் சரியாக இருக்கிறது. வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், துப்பட்டாவில் இன்னும் நெத்திலி வாசம். ஜெயப்பிரியா மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: பென் டிரைவ் ஒன்று வாங்க வேண்டும். பழைய செய்தித்தாள் ஒரு தாள். மாலைக்குள் சுற்றிப் பைக் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்குமுன், அந்த ஒரு ஜி.பி. நிரம்பியதாக வேண்டுமா காலியாக வேண்டுமா என்று மேலாளரிடம் மறக்காமல் கேட்க வேண்டும்.